காலிக் கதிரை நாளைக்கு விலை போகாது

கொட்டாஞ்சேனையில் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், ஞாயிறு தோறும் குடும்பத்தை வெளியே அழைத்துச் செல்பவர். மனைவி, மூன்று பிள்ளைகள், வயதான உம்மா. "எங்கே போவீர்கள்?" என்று ஒருநாள் கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். "காலிமுகத்திடல், பிறகு ஏதாவது ஒரு மோல், பிறகு சாப்பாட்டுக் கடை. அடுத்த கிழமை சாப்பாட்டுக் கடை, மோல், காலிமுகத்திடல். ஓடர் மட்டும்தான் மாறும் ஹாஜியார்" என்றார்.

சிரித்துவிட்டேன். ஆனால் வீடு திரும்பும் வழியில் அந்தப் பேச்சு மனதை விட்டு அகலவில்லை. மாதத்தில் நான்கு முறை குடும்பத்தோடு வெளியே போகும் மனிதர். கையில் காசு இருக்கிறது. பிள்ளைகளுக்காகச் செலவழிக்க மனமும் இருக்கிறது. அவருக்கு விற்க நம்மிடம்தான் சரக்கு இல்லை. வெள்ளவத்தையிலும் இதே நிலைதான். மாடிக் குடியிருப்புகள் பெருகிவிட்டன. பிள்ளைகள் ஓடியாட முற்றம் கிடையாது. மாலையானால் காலி வீதியின் புடவைக் கடைகளில் ஏறி இறங்குவதே பல குடும்பங்களுக்குப் பொழுதுபோக்கு.

மேடை நாடகம், சர்க்கஸ், பொம்மலாட்டம், கைச்சாதுரியம் என்று மனிதர்கள் கண்ணெதிரே செய்துகாட்டும் நிகழ்ச்சிகளைக் குடும்பங்களுக்கு வழங்குவது ஒரு வியாபாரம். அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன். புத்தகம் படித்துவிட்டு எழுதவில்லை. இந்த வியாபாரத்தில் நான் காசு விட்டவன்.

மூன்று நாள் வியாபாரம்

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. மக்கள் பயமில்லாமல் வெளியே வரத் தொடங்கிய காலம். நானும் இரு நண்பர்களும் சேர்ந்து இந்தியாவிலிருந்து ஒரு சிறிய குழுவை வரவழைத்தோம். பந்து வீசிப் பிடிப்பவர் இருவர், ஒற்றைச் சில்லு சைக்கிள் ஓட்டுபவர் ஒருவர், ஒரு கோமாளி, கைவித்தை காட்டும் ஒருவர். ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில், ரமழானுக்கு முன்னதாக, கொழும்பில் ஒரு மண்டபத்தை மூன்று நாட்களுக்கு எடுத்தோம். தினமும் மாலை 6.30க்குக் காட்சி.

முதல் நாள் பாதி மண்டபம் கூட நிறையவில்லை. விளம்பரம் போதாது என்று முடிவுகட்டினோம். இரவோடிரவாக இன்னும் போஸ்டர் அடித்து ஒட்டினோம். இரண்டாம் நாள் அதைவிட மோசம். சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்தபோது என் உம்மா கேட்டார்: "மஃரிபுக்கு பாங்கு சொல்ற நேரத்துல, புள்ளைகளத் தூக்கிக்கிட்டு எந்த உம்மா மகன் வாசல் தாண்டுவா?"

அடித்துப் போட்டதுபோல் இருந்தது. கொழும்பில் மஃரிப் நேரம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மாலை 5.50க்கும் 6.35க்கும் இடையிலேயே வருகிறது. ஆகஸ்டில் கிட்டத்தட்ட சரியாக 6.30. நம்முடைய வாடிக்கையாளர் முஸல்லாவை விரிக்கும் அதே நிமிடத்தில் நாம் திரையை விலக்கியிருக்கிறோம்! ஐந்து வேளை தொழுகிற மூன்று பங்காளிகளில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தோமே தவிர, வருகிறவர்களின் பொழுதை நாம் பார்க்கவில்லை.

குறைகள் அத்தோடு நிற்கவில்லை. பெண்களுக்கு ஒரேயொரு கழிப்பறை, அதன் சாவி காவலாளியிடம். ஒலிபெருக்கிச் சத்தத்தில் கைக்குழந்தைகள் அலறின. காட்சி முடியும்போது 9.30 மணி, முச்சக்கர வண்டிக்காரர்கள் இரட்டிப்புக் கூலி கேட்டார்கள். போஸ்டரில் "மாயாஜாலம்" என்று அச்சிட்டிருந்தோம். "இது ஸிஹ்ரா?" என்று ஒரு மௌலவி தொலைபேசியில் கேட்டார். கைவேகம்தான் என்று விளக்கியதும் திருப்தியடைந்தார். ஆனால் கேட்காமலே வராமல் விட்டவர்கள் எத்தனை பேரோ?

மூன்றாம் நாள் காட்சியை மாலை 4.15க்கு மாற்றினோம். அஸர் தொழ ஒரு சிறு அறையை ஒதுக்கினோம். சத்தத்தைக் குறைத்தோம். 5.45க்கு முடித்து அனுப்பினோம். அன்று மண்டபம் நிறைந்தது! ஆனால் அதுதான் கடைசி நாள். மறுநாள் கலைஞர்களுக்கு விமானம்.

அன்று கண்ட ஒரு காட்சியை இன்றும் மறக்கவில்லை. தொழப் போன ஓர் இளம் தாயின் குழந்தையைக் கொச்சிக்கடையிலிருந்து வந்திருந்த கத்தோலிக்கத் தமிழ் அம்மா ஒருவர் மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். தொழுதுவிட்டு வந்த தாய் கை நீட்டியபோது, "விடுங்க பிள்ளை, இப்பதான் நித்திரையாகுது" என்றார். நட்டக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த எனக்கு அன்று கிடைத்த ஒரே இலாபம் அதுதான்.

அழுகும் சரக்கு

இந்த வியாபாரத்தின் முதல் பாடம் இதுதான். இன்று விற்காத அரிசி மூடை நாளைக்கும் கடையில் இருக்கும். இன்று விற்காத சாரம் அடுத்த பெருநாளைக்குப் போகும். ஆனால் இன்றைய காட்சியில் காலியாக இருந்த கதிரையை நாளைக்கு விற்க முடியாது. பேலியகொடை மீன் சந்தையில் விடியற்காலையில் நிற்பவர்களுக்கு இது விளங்கும். மீனுக்காவது ஐஸ் போடலாம். காலிக் கதிரைக்கு அதுவும் கிடையாது.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். 500 ஆசன மண்டபம். கலைஞர்களின் பயணம், தங்குமிடம், விளம்பரம் ஆகியவற்றுக்கு ஒரேயொரு முறை வரும் செலவு 4 இலட்சம் ரூபா. மண்டபம், ஒலி, ஒளி, ஆட்கூலி என்று ஒவ்வொரு காட்சிக்கும் 2 இலட்சம். ஒரு டிக்கட்டை 2,000 ரூபாவுக்கு விற்றால், ஒரே காட்சியில் முதலைத் திருப்பி எடுக்க 300 பேர் வரவேண்டும். ஆனால் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 10,000 ரூபா என்றால் தகப்பன் யோசிப்பார். குடும்ப டிக்கட் 8,000 என்று வைத்தால் ஆளுக்கு 1,600. அப்போது 375 பேர் தேவை. முக்கால் மண்டபம்; இது கஷ்டம்.

அதே குழுவை வைத்து இரண்டு நாளில் நான்கு காட்சிகள் போட்டால்? மொத்தச் செலவு 12 இலட்சம். ஒரு காட்சிக்கு 3 இலட்சம். ஆளுக்கு 1,600 ரூபா வீதம் 188 பேர் வந்தாலே முதல் தேறிவிடும். ஆகவே பெரிய மண்டபத்தில் ஒரு பெரிய காட்சி என்று ஆசைப்படாமல், நடுத்தர மண்டபத்தில் பல காட்சிகள் போடுவதே சிறு முதலாளிக்கு ஏற்றது. தாமரைத் தடாகம் என்று நாம் அழைக்கும் நெலும் பொக்குண அரங்கு 2011இல் திறக்கப்பட்டது. அதன் பிரதான மண்டபத்தில் 1,288 ஆசனங்கள். அழகான இடம்தான். ஆனால் அத்தனை ஆசனங்களையும் நிரப்பும் பொறுப்பு வாடகைக்கு எடுப்பவரின் தலையில் அல்லவா விழுகிறது?

தெஹிவளையில் மூழ்கிய கம்பனி

வெள்ளவத்தையிலிருந்து கால்வாயைக் கடந்தால் தெஹிவளை. அங்குள்ள மிருகக்காட்சிசாலைக்குப் போகாத கொழும்புப் பிள்ளை இல்லை. அது ஒரு தனியார் வியாபாரமாகத் தொடங்கியது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். ஜேர்மனியின் ஹம்பர்க் நகரில் மிருக வியாபாரத்திலும் சர்க்கஸிலும் பேர்போன ஹாகன்பெக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோன் ஹாகன்பெக், கொழும்பில் குடியேறி மிருக ஏற்றுமதி செய்தவர். அவர் 1920களில் தெஹிவளையில் வைத்திருந்த மிருகத் தொகுதியே பின்னர் மிருகக்காட்சிசாலையாக வளர்ந்தது. அதை நடத்திய கம்பனி கடைசியில் மூடப்பட்டு, 1936இல் அரசாங்கம் பொறுப்பேற்றது.

மழை பெய்தாலும், சனம் வராவிட்டாலும் யானைக்குத் தீனி போட்டாக வேண்டும். டிக்கட் வருமானம் ஏறி இறங்கும். தீனிச் செலவு இறங்காது. பொழுதுபோக்கு வியாபாரத்தில் கால் வைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "சனம் வராத நாளில் எனக்கு எவ்வளவு செலவு?" என்பதே.

மிருகங்கள் போன பிறகு

உலகின் சர்க்கஸ் வியாபாரம் இப்போது முற்றாக மாறிவிட்டது. இந்திய சர்க்கஸின் தாய்வீடு கேரளத்தின் தலச்சேரி. அந்த மண்ணைச் சேர்ந்த எம்.வி. சங்கரன், 1951இல் ஒரு சிறிய சர்க்கஸை 6,000 ரூபாவுக்குப் பங்காளியுடன் சேர்ந்து வாங்கி, அதை 'ஜெமினி சர்க்கஸ்' ஆக்கி, இந்தியா முழுவதும் அறியச் செய்தார். 2023இல் அவர் காலமானபோது சர்க்கஸ் உலகம் வேறாகியிருந்தது. சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தைக்குப் பயன்படுத்துவதற்கான தடையை இந்திய உச்ச நீதிமன்றம் 2001இல் உறுதிசெய்தது. சிறுவர்களை சர்க்கஸில் வேலைக்கு வைப்பதைத் தடுக்குமாறு 2011இல் உத்தரவிட்டது.

இரண்டும் நியாயமானவை. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதி பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அறிந்த சமூகம் நாம். அடிபட்டு ஆடும் யானையைப் பார்த்து நம் பிள்ளைகள் கைதட்டத் தேவையில்லை.

ஆனால் ஒன்றை எடுத்தால் அந்த இடத்தில் இன்னொன்றை வைக்க வேண்டும். அமெரிக்காவின் றிங்லிங் சகோதரர்கள் சர்க்கஸ் 2016இல் யானைகளை ஓய்வுக்கு அனுப்பியது. டிக்கட் விற்பனை மேலும் சரிந்தது. 2017 மே மாதம் கூடாரத்தை மூடினார்கள். ஆறு வருடம் கழித்து, 2023இல், மிருகமே இல்லாமல் மனிதத் திறமையை மட்டும் நம்பித் திரும்பி வந்தார்கள். 1984இல் கனடாவின் கியூபெக்கில் பிறந்த 'சேர்க் டு சொலெய்' நிறுவனமோ, மனிதர்களின் உடல் வித்தையாலேயே உலகை வென்றது. அதுவும் 2020இல் கொவிட் வந்து அரங்குகள் எல்லாம் மூடப்பட்டபோது, கடன் சுமை தாங்காமல் நீதிமன்றப் பாதுகாப்பைத் தேடியது. வட்டிக் கடனில் கட்டிய கூடாரம் காற்றடித்தால் முதலில் விழும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

சவூதி அரேபியாவும் 2016இல் பொழுதுபோக்குக்கென்றே ஓர் அதிகாரசபையை அமைத்தது. 2018 ஏப்ரலில் அங்கு சினிமா அரங்கு மீண்டும் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் ரியாதில் நடந்த ஒரு ரஷ்ய சர்க்கஸில் பெண் கலைஞர்களின் உடை பற்றிப் பெரும் ஆட்சேபம் எழுந்தது. சில நாட்களில் அதிகாரசபையின் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். கதிரையில் இருப்பவர் யார் என்பதை மறந்து மேடையில் எதை ஏற்றினாலும் பிரச்சினைதான். ரியாதில் எண்ணெய்ப் பணம் இருந்தது. நம்மிடம் இருப்பது கடையில் சேர்த்த காசு.

நமக்குப் புதிதல்ல

"இதெல்லாம் நமக்குச் சரிவராது" என்பவர்கள் பழையதைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். மருதானை டவர் ஹோல் 1911இல் நாடகத்துக்கென்றே கட்டித் திறக்கப்பட்டது. சினிமா வந்ததும் அதுவும் படக் கொட்டகையானது; 1978இல் தனிச் சட்டம் மூலம் ஒரு மன்றம் அமைத்துத்தான் அதை மீட்டார்கள். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி வட்டாரம் ஒரு காலத்தில் தமிழ் நாடகக்காரர்களின் கோட்டை. நம்மவரான மானா மக்கீன் மேடையிலும் பத்திரிகையிலும் பெயர் பதித்தவர்.

இலங்கை வானொலி நாடகமான 'கோமாளிகளின் கும்மாளம்' நம் நாட்டுக் குடும்பங்களை வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார வைத்தது. அதில் மரிக்கார் என்ற முஸ்லிம் பாத்திரத்தில் பேசிச் சிரிக்க வைத்தவர் ராமதாஸ். அந்தப் பெயரே அவருக்கு நிலைத்து, மரிக்கார் ராமதாஸ் ஆனார். நம்மவரான பி.எச். அப்துல் ஹமீதும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். 1976இல் அது 'கோமாளிகள்' என்ற படமாகவும் வந்தது. யாரையும் புண்படுத்தாமல் எல்லோரையும் சிரிக்க வைக்கும் சரக்குக்கு இந்த ஊரில் எப்போதும் கிராக்கி உண்டு.

கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் பொல்லடி, சீனடி, சிலம்படி என்று கண்ணைக் கவரும் கலைகள் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து ஆளை இறக்கி விமானக் கூலி கொடுப்பதற்கு முன், இரவு பஸ்ஸில் வந்து இறங்கக் கூடிய நம்மூர்க் கலைஞர்களை யோசித்துப் பார்த்தோமா? நான் யோசிக்கவில்லை. அதுவும் என் தவறுதான்.

மார்க்க வரம்பு

பொழுதுபோக்கு என்றாலே முகம் சுளிக்கும் அன்பர்களும் உண்டு. பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியபோது, அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் தாமாகச் சலிக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்க நபி (ஸல்) அவர்கள் இடம் கொடுத்தார்கள் என்பது புஹாரியில் பதிவான சம்பவம். குடும்பத்தை மகிழ்விப்பது குற்றமல்ல. அதேவேளை ஆபாசம், மதுபானம், சூது, தொழுகையைப் பாழாக்கும் நேரம் ஆகியவை நமக்கு வேண்டாம். இசை போன்ற விடயங்களில் உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். போஸ்டர் அடித்த பிறகல்ல, அதற்கு முன்பே கேளுங்கள்.

இறங்க நினைப்பவர்களுக்கு

1. நேரம்: கொழும்பில் அஸர் நேரம் 4 மணிக்கு முன்பே வந்துவிடும். 4.15க்குத் தொடங்கி 5.45க்கு முடியும் காட்சி எல்லாச் சமூகத்தவருக்கும் வசதி. பிள்ளைகளுக்கு ஒன்றரை மணித்தியாலமே அதிகம்.

2. நாள்: ரமழானில் கைவைக்காதீர்கள். இரு பெருநாள் விடுமுறை, ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் பாடசாலை விடுமுறைகள் ஆகியன அறுவடைக் காலம். பாடசாலை நாட்காட்டியை முதலில் பாருங்கள். அது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது.

3. மண்டபம்: மேடையைப் பார்ப்பதற்கு முன் பெண்கள் கழிப்பறையைப் பாருங்கள். கைக்குழந்தையுடன் உட்கார ஒரு மூலை, தொழ ஓர் அறை, உம்மாமார் ஏறக்கூடிய படிகள், மின்சாரம் போனால் ஜெனரேட்டர். 2022இல் 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்த நாம் இதை மறக்கக் கூடாது.

4. அனுமதி: 1946ஆம் ஆண்டின் களியாட்ட வரிச் சட்டம், டிக்கட் காட்சிகளுக்கு வரி அறவிடும் அதிகாரத்தை உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தருகிறது. டிக்கட் அச்சிடுவதற்கு முன் மாநகர சபைக்குப் போங்கள். மேடை நாடகமாயின் பிரதியை முன்கூட்டியே காட்டி அனுமதி பெறும் முறையும் இந்நாட்டில் உண்டு.

5. டிக்கட்: தனி டிக்கட்டை விடக் குடும்ப டிக்கட் நல்லது. முன்கூட்டியே மொத்தமாக விற்கப் பாடசாலைகள், குர்ஆன் மத்ரஸாக்கள், கம்பனி நலன்புரிச் சங்கங்களை நாடுங்கள். பிறருக்கு நல்ல வழி இன்னொன்றும் உண்டு: மிஞ்சும் கதிரைகளை அநாதைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். காசுக்கு விலைபோகாத கதிரை நன்மைக்கு விலைபோகும்.

6. கடை: பெரும்பாலும் டிக்கட் வருமானத்தால் செலவுதான் தேறும். இலாபம் வடை, பெட்டிஸ், ஐஸ் கிறீம், விளையாட்டுச் சாமான் மேசைகளிலும், அனுசரணையாளரின் பதாகையிலும் இருக்கிறது. முழு நிகழ்ச்சியை நடத்தப் பயப்படுகிறவர்கள் இந்த மேசைகளிலிருந்தே தொடங்கலாம்.

7. எழுத்து: இதைக் கடைசியில் சொன்னாலும் இதுதான் முதலாவது. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி அல்குர்ஆன் நமக்குக் கட்டளையிடுகிறது. நாம் மூவரும் எழுதவில்லை. "நமக்குள் என்ன எழுத்து?" என்றோம். நட்டம் வந்ததும், ஒரு நண்பர் தாம் தந்தது கடன் என்றார்; நான் பங்கு என்றேன். பங்கு என்றால் நட்டத்தை முதலின் விகிதப்படி ஏற்க வேண்டும். கடன் என்றால் முழுவதையும் திருப்ப வேண்டும். இரண்டு வருடங்கள் எனக்கும் அவருக்கும் இடையில் ஸலாம் மட்டும்தான் மிஞ்சியது. கடைசியில் சிறிது சிறிதாக அவரது முழுப் பணத்தையும் கொடுத்துத் தீர்த்தேன். கொடுக்க வேண்டிய கடமை எனக்கு இருந்ததா என்று இன்றும் தெரியாது. சிநேகம் வேண்டியிருந்தது, கொடுத்தேன்.

ஒரே வரிசையில்

2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயத்தில் நடந்ததை யாரும் மறக்க முடியாது. அதன் பின்னர் கொட்டாஞ்சேனையில் ஒரே வீதியில் கடை வைத்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தயங்கிய நாட்கள் வந்தன. அன்று குழந்தையை மடியில் வைத்திருந்த அந்த அம்மா எங்கே, எப்படி இருக்கிறாரோ என்று பலமுறை நினைத்திருக்கிறேன். பெயர் கேட்டு வைக்கவில்லையே என்று வருந்தியிருக்கிறேன். மாநாடு கூட்டி ஒற்றுமை பேசுவது ஒரு வழி. ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே கோமாளியைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பது இன்னொரு வழி. இரண்டாவதை வியாபாரிகளால் செய்ய முடியும். நேர்மையாகச் செய்தால் அதில் ஹலாலான இலாபமும் உண்டு.

அந்தப் பழைய பங்காளி நண்பர் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் என்னைப் பிடித்தார். "பேரப் புள்ளைகள் எங்க கூட்டிட்டுப் போறீங்கன்னு கேக்குறாங்க. மறுபடி ஒருக்கா செஞ்சு பாப்பமா?" என்றார்.

"பாப்பம். இந்த முறை 4.15க்கு" என்றேன்.

"எழுதிக்கிட்டு" என்றார் அவர்.

இருவரும் சிரித்துக்கொண்டோம். அல்லாஹ் நம் அனைவரது வியாபாரத்திலும் பரக்கத்தை அருள்வானாக!